கோபுர வாசலில் வேடன்

ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

நடந்ததை நடந்தபடியே எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். கூட்டியும் எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். எனக்குப் பாதகமாக இருந்தாலும் மறைக்க மாட்டேன். நீ என்னைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிட்டதற்கு இனிமேல்தான் அர்த்தம் வரப்போகிறது.

முதலில் சட்டப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறேன். நீ சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய அன்று அப்பா, இனி உன்னிடம் யாரும் போனில் பேசக் கூடாது என்றார். மறுநாள், செய்தி அனுப்புவதும் பேச்சுதான் என்று திருத்தம் கொண்டுவந்தார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டே, "அவரு சொன்னது என் காதுலயும்தான் விழுந்துச்சு. கடிதாசின்னு எனக்குக் கேக்கல" என்றாள். எனவே இது குற்றமாகாது.

உன் உறை வந்தது. துண்டுச்சீட்டில் எழுதியிருந்தபடியே அம்மாவின் போனில் ‘ஏழு கதவுக் கோபுரம்’ ஏற்றினேன். நாம் மட்டும் ஆட நீ திறந்திருக்கும் அறைக்குள் நுழையச் சொல்ல வேண்டிய ரகசியச் சொல், நம் ஆட்டக் கழுதையின் பெயர், அதையும் அடித்தேன். உள்ளே போனதும் சிறிது நேரம் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டு மேசையில் நாம் விரித்து ஆடிய அதே பலகை. ஆனால் சதுப்பு நிலத்தில் குமிழி வருகிறது, ஆந்தை தலையைத் திருப்புகிறது, பாழுங்கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் இருட்டு அசைகிறது. நம் பலகையில் மடிப்பு விழுந்து பாலம் வெள்ளையாக உரிந்திருக்குமே, இதில் பாலம் புத்தம் புதிதாக இருக்கிறது. நீ வேலை செய்யும் இடத்தில் இதைத்தான் செய்கிறீர்கள் என்று அப்பாவுக்கு யாராவது ஒழுங்காகக் காட்டியிருந்தால், "பொம்மைக்குப் பொட்டு வைக்கப் போறான்" என்று அவர் சொல்லியிருக்க மாட்டார் என்று தோன்றியது. நீயும் "உங்க கண்ணாடிக் கடையில உக்காந்து காலம் பூரா அடுத்தவன் மூக்க அளக்க முடியாது" என்று சொல்லியிருக்க வேண்டாம். இரண்டையும் எழுதிவிட்டேன். நான் யார் பக்கமும் இல்லை.

வழக்கம்போல நான் சூனியக்காரி, நீ வாள்வீரன். ஒருவர் காய் நகர்த்தினால் அடுத்தவருக்கு மணி அடிக்கும் என்று எழுதியிருந்தாய். நேற்று நான் நகர்த்தினேன். இன்று பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் காட்டின் ஓரத்தில் மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார். பச்சை முக்காடு, முதுகில் வில். வேடன். பெயர் எழுதும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிறார்.

அது நீதானா? இரண்டு காய்களையும் நீயே ஆடினால் அது கள்ளாட்டம்.

இன்னொன்று. அலமாரி மேலிருந்த நம் பழைய ஆட்டப்பெட்டியைக் காணவில்லை. அது இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாக இருக்கிறது. அப்பா தூக்கி எறிந்துவிட்டார் என்று சந்தேகிக்கிறேன். கேட்கப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கை


ஜூன் 9

பூதக்கண்ணாடிக்கு,

கடிதம் வந்துது. கோர்ட்டு தீர்ப்பு மாதிரி இருந்துது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துட்டு, வக்கீல் நோட்டீஸா தம்பின்னு கேட்டாரு.

வேடன் நான் இல்ல. சத்தியமா இல்ல. படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஆட்டம் இன்னும் கடைக்கு வரல. நாங்க சோதிச்சுக்கிட்டு இருக்கோம். விதிப்புத்தகத்துல இருக்கற ஒவ்வொரு வரியையும் கணினிக்குப் புரியற மாதிரி எழுதறதுதான் என் வேலை. ‘பாலத்தில் ஒருவர் மட்டுமே நிற்கலாம்’னு புத்தகம் ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல வந்தா? கழுதை ஆளா இல்லையா? எல்லாத்துக்கும் நான் பதில் எழுதணும். வீட்டுல ஆடும்போது ‘சரி போனா போகுது, இன்னொரு தடவை போடு’ன்னு சொல்லுவோம்ல, கணினிக்கு அது தெரியாது.

நம்ம அறைய நான் ஆபீஸ் கணினியில யார்கிட்டயும் கேக்காம திறந்தேன். உனக்காக. வேலையில என்னை இன்னும் நிரந்தரம் பண்ணல, சோதனைக் காலம்தான் ஓடுது. விஷயம் தெரிஞ்சா பெட்டியக் கட்டச் சொல்லிடுவாங்க. ஆள் இல்லாத இடத்துல கணினியே ஆடற வசதி இருக்கு, ஆனா அத இந்த அறையில அணைச்சு வெச்சிருக்கேன். அணைச்சது தானா எழுந்து வந்து ஆடுதுன்னா தப்பு என்னோடது. வேற ஆள்னா அவனுக்குக் கழுதையோட பேரு எப்படித் தெரியும்? அந்தக் கழுதைக்கு நம்ம வீட்டுல வெச்ச பேரு அது. பெட்டியில கூடக் கிடையாது.

அதனால கேக்கறேன், கோவிச்சுக்காத. யார்கிட்ட உளறின? உன் பள்ளிக்கூடத்துல எவளாவது? அப்பாகிட்ட சொன்னியா?

அவரப் பத்தி இனிமே எழுதாத. பெட்டிய எறிஞ்சாரா, எரிச்சாரான்னு எனக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணன்


ஜூன் 14

அன்புள்ள அண்ணா,

‘உளறின’ என்ற சொல்லை வன்மையாகக் கண்டிக்கிறேன். நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வகுப்பில் எல்லோரும் ஓடும் கார்களை மோதவிடும் ஆட்டம்தான் ஆடுகிறார்கள். ஒரு கதவைத் திறக்க மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்றால் அவர்கள் என்னை விட்டு நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

உன்னையும் நான் முழுக்க நம்பவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். உன் ஆபீஸில் யாரோ உன்னை வேவு பார்க்கலாம், அல்லது நீயே என்னைச் சோதித்துப் பார்க்கலாம். ஆகவே வேடனைக் கவனித்தேன்.

வேடனுக்கு ஆட்டம் தெரியும், போன் தெரியாது. இதுதான் விசித்திரம். எந்தக் காட்டுப்பாதை சதுப்பில் முடியும் என்று அவருக்கு நன்றாகத் தெரிகிறது, ஒருமுறைகூடத் தவறான பாதையில் போகவில்லை. ஆனால் படத்தைத் திருப்பத் தெரியாமல் இரண்டு நாள் சுவரைப் பார்த்தபடி நின்றார். கையசைப்பதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, அதற்குப் பதில் வில்லை எடுத்து என் சூனியக்காரியின் காலடியில் அம்பு விட்டார். பிறகு இன்னொன்று. மூன்றாவது அம்புக்குப் பிறகுதான் அது வணக்கம் சொல்லும் முயற்சி என்று எனக்குப் பட்டது. நானும் கையசைத்தேன். அதற்கும் ஓர் அம்பு வந்தது.

கணினி இப்படித் திணறுமா? நீதான் சொல்ல வேண்டும்.

நீ எழுதாதே என்று சொன்ன நபரைப் பற்றி ஒரு விஷயம் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அது என் பாதுகாப்பைப் பற்றியது. அவர் என்னைச் சந்தேகிக்கிறார். போன செவ்வாய் நான் தபால் பெட்டியிலிருந்து திரும்பும்போது கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கம் என்ன வேலை?" என்றார். நூலகம் என்றேன். நூலகமும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஆகவே அது முழுப் பொய் இல்லை. அவர், "உங்க நூலகத்துல தபால் தலை ஒட்டித்தான் புத்தகம் தருவாங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். என் விரலில் பசை இருந்திருக்கிறது.

அதோடு மதியச் சாப்பாட்டுக்கு அவர் இப்போது வீட்டுக்கு வருவதில்லை. டப்பாவில் எடுத்துக்கொண்டு போய், கடையின் உள்ளறையில், கண் பரிசோதிக்கும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார். சாப்பிடுவதற்கு ஏன் கதவைச் சாத்த வேண்டும்? அம்மாவிடம் கேட்டால், "மனுஷன் நிம்மதியா நாலு வாய் சாப்பிடறதுக்கும் விசாரணைக் கமிஷன் வைப்பியா?" என்கிறாள். அம்மா ஒரு கேள்விக்கு இன்னொரு கேள்வியால் பதில் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

உன் வாள்வீரனைக் கவனமாக நகர்த்து. பாழுங்கிணற்றை ஒட்டியே போகிறாய்.

தங்கை


ஜூன் 19

பூதக்கண்ணாடிக்கு,

கணினி சுவரப் பார்த்து நிக்காது. அத எழுதினவன் நான்தான். அப்ப ஆள்தான். அது இன்னும் மோசம்.

நீ எச்சரிக்கை பண்ணின கடிதம் வர்றதுக்குள்ள நான் கிணத்துல விழுந்துட்டேன். நீயும் பார்த்திருப்ப. பகடையில ஒண்ணு விழுந்துது. ஆறு விழுந்தாத்தான் வெளிய வரலாம். தினம் போடறேன், ரெண்டு, நாலு, மறுபடி ரெண்டு. இந்தப் பகடைய எழுதினதும் நான்தான்ங்கறத யார்கிட்டயும் சொல்லாத.

இங்க எங்க குழுவுக்குத் தலைவி ஒருத்தங்க இருக்காங்க. அதிகம் பேச மாட்டாங்க. நேத்து என் பின்னாடி வந்து நின்னாங்க. திரையில நம்ம அறை திறந்திருந்துது. நான் சட்டுனு மூடினேன். "அந்த வேடன் ரொம்ப நேரமா நிக்கிறானே"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு வேடனத் தெரியும்! அவங்களே வேடனா இருந்தா? கையும் களவுமா பிடிக்கறதுக்காக அறைக்குள்ள வந்து நிக்கிறாங்களோன்னு தோணுது.

பேசாம நீயாவது சீக்கிரம் கோபுரம் ஏறு. ஆட்டம் முடிஞ்சா அறைய மூடிடலாம்.

அண்ணன்


ஜூன் 23

அன்புள்ள அண்ணா,

நீ கிணற்றில் இருக்கும்போது நான் எப்படிக் கோபுரம் ஏற முடியும்? அவசரத்தில் விதியையே மறந்துவிட்டாயா? விழுந்தவர் வெளியே வரும்வரை யாரும் கடைசிக் கதவைத் தாண்டக் கூடாது.

இங்கேதான் உன்மேல் ஒரு குற்றச்சாட்டு வைக்கிறேன். உன் ஆட்டத்தில் தவறு இருக்கிறது. நான் நேற்று ஏழாவது கதவுக்கு வந்தேன். ‘ஏறு’ என்ற பொத்தான் எனக்கு ஒளிர்ந்தது. நீ கிணற்றில் இருக்கும்போது அது ஒளிரவே கூடாது. விதிகளைச் சரியாக எழுதுவதுதான் வேலை என்று பெருமைப்பட்டாய். இவ்வளவு பெரிய விதியை விட்டுவிட்டாயே. நான் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. ‘பொறு’ என்பதைத்தான் தொட்டேன்.

வேடனும் அப்படித்தான். எனக்கு முன்பே அவர் வாசலுக்கு வந்துவிட்டார். ஒரே ஓர் அடி வைத்தால் உச்சி விளக்கை ஏற்றி ஜெயித்துவிடலாம். வைக்கவில்லை. தினமும் மதியம் வருகிறார், ‘பொறு’ என்கிறார், போய்விடுகிறார். அவர் யாராக இருந்தாலும் நேர்மையான ஆட்டக்காரர் என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கிறது.

உன் தலைவியாக இருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடு.

தங்கை


ஜூன் 27

பூதக்கண்ணாடிக்கு,

உக்காந்து படி.

அப்படி ஒரு விதியே கிடையாது.

எங்க ஆபீஸ்ல இந்த ஆட்டத்தோட முழு விதிப்புத்தகம் இருக்கு. நம்ம வீட்டுப் புத்தகத்துல கிணறு இருக்கற பக்கம் இருக்காது, ஞாபகம் இருக்கா? உனக்கு எப்படி இருக்கும். அத நீதான் தின்ன. தவழ்ந்து வந்து பிச்சு வாயில போட்டு, பாதி முழுங்கி, மீதிய என் சட்டையில துப்பின. பெரிய படிப்பாளி, புத்தகத்த முதல்ல அப்படித்தான் ஆரம்பிச்ச.

இங்க வந்து அந்தப் பக்கத்த மொத மொதல்ல முழுசா படிச்சேன். ‘கிணற்றில் விழுந்தவர் ஆறு விழும்வரை அங்கேயே இருப்பார். மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடரலாம்.’ அவ்வளவுதான். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

நம்ம விதி எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன். நான் சின்னவனா இருந்தப்ப கிணத்துல விழுந்துட்டேன். நீங்கல்லாம் ஜெயிங்கன்னு அழுதுட்டு மேசைக்கு அடியில போய் உக்காந்துக்கிட்டேன். அப்பா புத்தகத்த விரிச்சு வெச்சுக்கிட்டு, வாசிக்கிற மாதிரியே வாசிச்சாரு. "விழுந்தவர் வரும்வரை எவரும் கோபுரம் ஏறக் கூடாது." கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு, விரல் வெச்சு. இல்லாத பக்கத்துல எத வாசிச்சாரு? அவரு வாயில வந்ததெல்லாம் விதி. அன்னிக்கும் அதான், நான் கிளம்பின அன்னிக்கும் அதான். இத்தன வருஷம் ஒரு பொய்ய நம்பி ஆடியிருக்கோம்.

அத விடு. விஷயம் வேடன். நீ நின்னது சரி, உனக்கு அந்தப் பொய் தெரியும். அவன் ஏன் நிக்கிறான்? ஜெயிக்கிற இடத்துல வந்து ஒருத்தன் நிக்கிறான்னா ஆட வரல, பார்க்க வந்திருக்கான். ஆட்டம் முடிஞ்சா அறை போயிடும், ஆதாரம் போயிடும். அதனால முடிக்காம வெச்சிருக்காங்க. என் மேல புகார் எழுதத்தான்.

வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறைய மூடிடறேன். அதுக்கப்புறம் இந்தக் கடிதமும் வேண்டாம். வீட்டுக்குத் தெரியாம நீ பொய் சொல்லிக்கிட்டுத் திரியறது எனக்குப் பிடிக்கல. ஊருக்கு வர்ற எண்ணமும் எனக்கு இல்ல.

அண்ணன்


ஜூலை 1

அன்புள்ள அண்ணா,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும். அறையை மூடாதே. முதலில் இதைப் படி.

உன் கடிதத்தைப் படித்ததும் பக்கத்தைத் தின்றதற்காகச் சிறிது நேரம் வெட்கப்பட்டேன். பிறகு வெட்கத்தை நிறுத்திவிட்டு யோசித்தேன். அந்த விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நம் வீட்டு மேசையைத் தவிர வேறெங்கும் இல்லை. அப்படியானால் அதைக் கடைப்பிடிக்கும் ஒருவர் எங்கிருந்து வந்திருக்க முடியும்? அந்த விதியை அறிந்தவர்களில் அம்மாவுக்கு ஆட்டமே பிடிக்காது. நீ கிணற்றில் இருக்கிறாய். நான் சூனியக்காரி.

மிச்சம் ஒரே ஆள். ஆனால் ஊகம் வேறு, சாட்சி வேறு. ஆகவே இன்று மதியம் வயிறு வலிக்கிறது என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். (வயிறு உண்மையிலேயே கொஞ்சம் வலித்தது.)

கடை முன்பக்கம் காலி. ‘உணவு இடைவேளை’ அட்டை தொங்கியது. தட்டுகளில் கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாக, லென்ஸ் ஓரம் தேய்க்கும் இயந்திரத்தின் மேல் ஈரத்துணி. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது, ஆனால் அந்தக் கதவு எப்போதும் முழுதாகப் பொருந்தாது என்பது உனக்கும் தெரியும். இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

எழுத்துப் பலகையின் விளக்கு மட்டும் எரிந்தது. பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை வெளிச்சமாக. அதற்குக் கீழே, பரிசோதனைக்கு வருபவர்கள் உட்காரும் நாற்காலியில் அப்பா. மூக்கின் மேல் அந்த உருண்டைச் சட்டம், ஒவ்வொரு லென்ஸாகச் செருகிச் செருகி ‘இப்ப தெரியுதா, இப்ப?’ என்று கேட்பாரே, அது. இரண்டு பக்கமும் திருகு நீட்டிக்கொண்டு, வெட்டுக்கிளி போல இருந்தார். போனில் இருக்கும் எழுத்து அவருடைய சொந்தக் கண்ணாடிக்குப் போதவில்லை போலிருக்கிறது.

முன்னால் முக்காலி. முக்காலியின் மேல் நம் பலகை. நம் பழைய பலகை, அண்ணா. பாலம் உரிந்த அதே பலகை. அவர் எறியவில்லை. போனில் எங்கே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, அப்படியே பலகையில் காய்களை வைத்திருக்கிறார். திரையில் திரும்பத் தெரியாதவர் காட்டுப்பாதையை எப்படித் தவறவிடவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏழாவது கதவருகே என் சூனியக்காரி. அவள் பக்கத்தில் வேடன். கிணற்றுக்குள் உன் வாள்வீரன், தலை மட்டும் வெளியே தெரிய.

அப்பா போனை முகத்துக்கு வெகு அருகில் கொண்டுபோய், ஒற்றை விரலால் ‘பொறு’ என்பதைத் தொட்டார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார். பெட்டியிலிருந்த பழைய பகடையை எடுத்துக் குலுக்கிப் பலகையில் போட்டார். அது ஆட்டத்தில் சேராது, சும்மா போட்டார். என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்துவிட்டு வாள்வீரனின் தலையை விரலால் லேசாகத் தொட்டார். அதன் பிறகுதான் டப்பாவைத் திறந்தார்.

நான் உள்ளே போகவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தேன். ரகசியச் சொல் எழுதிய சீட்டை அவருக்குக் காட்டினாயா என்றேன். "காட்டல. மேசை மேல வெச்சேன். அவரு உக்கார்ற பக்கம் வெச்சேன். காத்துல பறக்காம இருக்க அவரோட கண்ணாடிக் கூட்ட அது மேல வெச்சேன். வேற ஒண்ணும் பண்ணல" என்றாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். நம் கிணற்றிலிருந்து அம்மா கிளம்பியிருக்கிறாள்.

உன்னை வீட்டுக்கு வரவைக்க நான் கதை கட்டுகிறேன் என்று நீ சந்தேகப்படலாம். உன் இடத்தில் இருந்தால் நானும் சந்தேகப்படுவேன். அதனால்தான் முதல் கடிதத்திலேயே உண்மையை மட்டும் எழுதுவதாகச் சொல்லி வைத்தேன். வெட்டுக்கிளியை என்னால் கற்பனை செய்திருக்க முடியுமா? யோசித்துப் பார்.

நீ அதைப் பொய் என்கிறாய். நாம் இருவரும் அதை விதி என்று நம்பினோம். ஆனால் தான் கட்டிய கதை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஏறக் கூடாது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். ‘ஏறு’ அவருக்கும் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

அவரிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன்.

தங்கை


ஜூலை 6

பூதக்கண்ணாடிக்கு,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் கடிதம் கைக்கு வந்துது. அறைய மூடறதுக்கு எல்லாம் தயாரா வெச்சுட்டு உக்காந்திருந்தேன். படிச்சேன். நம்பல. நீ சொல்லிக் குடுத்து அவர உக்கார வெச்சிருப்பன்னு நினைச்சேன். ரெண்டாம் தடவை படிச்சேன். அம்மா கண்ணாடிக் கூட்ட வெச்சேன்னு சொன்ன இடத்துல சிரிச்சுட்டேன். அது நீ கட்டின கதை இல்ல. அம்மாவேதான்.

அப்புறம் திரையில வேடனத் தேடினேன். வாசல்ல நின்னான். மூஞ்சி சுவத்தப் பார்த்து இருந்துது.

எழுந்து போய் எங்க தலைவிகிட்ட நானே எல்லாத்தையும் சொன்னேன். கேக்காம அறை திறந்தது, உனக்குக் குடுத்தது, எல்லாம். அவங்க கணக்குல எந்தெந்த அறை ஓடுதுன்னு முதல்லயே தெரியுமாம். ஒரு ஆள் ஜெயிக்கிற இடத்துல ஜெயிக்காம நிக்கிறது ஆட்டத்துல இருக்கற கோளாறான்னு கண்டுபிடிக்கத்தான் பார்த்துக்கிட்டே இருந்தாங்களாம். நான் கோளாறு இல்லன்னு சொன்னேன். அப்ப என்னன்னு கேட்டாங்க. எங்க வீட்டு விதின்னு சொன்னேன். மேசைக்கு அடியில உக்காந்தது, நீ பக்கத்தத் தின்னது, அதையும் சொல்ல வேண்டியதாப் போச்சு. தின்ன இடத்துல அந்தம்மா மொத தடவையா பல்லு தெரிய சிரிச்சாங்க.

அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டு, கேக்காம அறை திறந்தது தப்புன்னாங்க. சோதனைக் காலத்த நீட்டிட்டாங்க. சம்பளம் ஏறாது. வேலை போகல. "உங்க வீட்டுல மட்டும்தான் குழந்தை புத்தகத்தத் தின்னுச்சா? அந்த விதியையும் எழுதுங்க, வேணுங்கறவங்க போட்டுக்கட்டும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

எழுதினேன். எல்லா விதியும் ராத்திரி கனவுல வந்து வாதாடும், இது ஒரே மூச்சுல முடிஞ்சுது. அடுத்த வாரம் புதுப்பிச்சு அனுப்பறோம். எங்க இருக்கும், எப்படி இருக்கும்னு உனக்குச் சொல்ல மாட்டேன். நீ பூதக்கண்ணாடிதான, தேடிக்கோ.

அவர்கிட்ட எதுவும் சொல்லாத. நானும் எழுத மாட்டேன். எனக்கு இன்னும் கோவம் இருக்கு. அது ஒரு பக்கம் இருக்கு.

ஆறு இன்னும் விழல.

அண்ணன்


ஜூலை 13

அன்புள்ள அண்ணா,

இதைக் கடையிலிருந்து எழுதுகிறேன். ஒளிந்துகொண்டு எழுதவில்லை. ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

இன்று பள்ளியிலிருந்து வந்தபோது ஆட்டம் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அம்மாவின் போனில் தேடிக் கண்டுபிடித்தேன். ‘வீட்டு விதிகள்’ என்று ஒரு புதிய கதவு, அதற்குள் ஒரே ஒரு வரி, பக்கத்தில் தள்ளுவதற்கு ஒரு பொத்தான். அந்த வரியை இங்கே எழுத மாட்டேன், எழுதியவனுக்கே எதற்கு. ‘எவரும்’ என்ற சொல்லைக்கூட மாற்றாமல் அவர் வாசித்தபடியே எழுதியிருக்கிறாய்.

போனோடு கடைக்கு ஓடினேன். அப்பா ஒரு சட்டத்தின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். நூலகத்துக்குப் போகும் வழியில் வந்தேன் என்று மட்டும் சொன்னேன். ஆட்டம் புதுப்பிக்கப்பட்டதற்கு அவருடைய போனிலும் மணி அடித்தது. என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிச் சட்டங்களைப் பார்த்தேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

புதிய கதவைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு வெகு நேரம் ஆனது. பிறகு, "இங்க வா" என்றார்.

வெட்டுக்கிளிக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். போனை என்னிடம் நீட்டினார். "இதுல என்ன எழுதியிருக்கு, வாசி." அவருக்கு நன்றாகவே தெரிந்தது, ஆனாலும் வாசித்தேன். முடித்ததும், "இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவையும் வாசித்தேன்.

"இது புத்தகத்துல இருக்கா?" என்றார்.

"இல்லப்பா. நான் அந்தப் பக்கத்தத் தின்னுட்டேனாம்."

அவர் சட்டத்தைக் கழற்றி, கண்களைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "நீ தின்னது நல்லதாப் போச்சு" என்றார். பிறகு அந்தப் பொத்தானைத் தள்ள முயன்றார். அவர் விரலுக்கு அது நகரவில்லை, இரண்டு முறை அம்புதான் பறந்தது. நான் தள்ளிக் கொடுத்தேன்.

எங்கள் இருவருக்கும் ‘ஏறு’ அணைந்தது. ‘காத்திருக்கிறார்கள்’ என்று வந்தது.

அப்போதுதான் உன் பகடை உருண்டது. உண்மையாகவே அப்போதுதான், அண்ணா. நீ அங்கே வேலை முடிந்து கிளம்பும் நேரமாக இருந்திருக்க வேண்டும். உருண்டு, கிணற்றுச் சுவரில் மோதி, நின்றது. ஆறு. அதை நீயே வேண்டுமென்று வரவழைத்தாயா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பகடையை எழுதியவன் நீ. கேட்க மாட்டேன்.

வாள்வீரன் மேலே ஏறி வந்தான். அப்பா பலகையில் கிணற்றிலிருந்து உன் காயை எடுத்தார். இரண்டு விரலால், லென்ஸைப் பிடிப்பது போல ஓரத்தில் பிடித்து எடுத்து, ஏழாவது கதவருகே சூனியக்காரி பக்கத்தில் வைத்தார். வேடனை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில், நம்மோடு ஆடும்போது எப்போதும் அவர் எடுக்கும் கழுதைக்காரனை வைத்தார்.

இப்போது யார் வேண்டுமானாலும் ஏறலாம். அப்பாவின் முறைதான். போன் காத்திருந்தது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"இதுல பகடை உருள்ற சத்தம் சரியில்ல" என்றார். மரக் கிண்ணத்தில் குலுக்கித்தான் பதிவு செய்திருப்பார்கள் என்று உனக்காக வாதாடினேன். அவர் கேட்கவில்லை. "கோபுரம் ஏறுறத இங்க வந்து ஏறச் சொல்லு. கடையில உக்காரச் சொல்லல. ஏறிட்டுப் போகட்டும்."

"போன்ல பேசக் கூடாதுன்னு சொன்னீங்களே" என்றேன்.

"நான் எங்க பேசச் சொன்னேன்? எழுதத்தான் தெரியுமே உனக்கு." மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் உறையும் தபால் தலையும் எடுத்து என் முன்னால் வைத்தார். பசை தடவிய விரலைக் காட்டிக் கொடுக்காத தபால் தலை இதுவாம், ஈரத்துணியில் தொட்டால் போதுமாம்.

அதனால்தான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா முன்பக்கம் தட்டுகளை உள்ளே வைக்கிறார். பலகையை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படியே இருக்கட்டுமாம். நாற்காலிக்கு முன்னால் முக்காலி அடைத்துக்கொண்டிருந்தால் நாளை பரிசோதனைக்கு வருபவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டேன். நின்றுகொண்டே படிக்கட்டும் என்றார்.

மூவரும் வாசலில் நிற்கிறோம். எவரும் ஏறவில்லை. நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை, வா.

நேரமாகிவிட்டது என்கிறார். எழுத்துப் பலகையின் விளக்கை முதலில் அணைத்தார். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றாகப் போய்விட்டன. இந்த வரியை முன்பக்க வெளிச்சத்தில் எழுதுகிறேன். இப்போது அதையும் அணைத்துவிட்டார்.